18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கும் புரோகிராமிங்கும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆண்டுக்கு நாலைந்து பேராவது இந்த எண்ணை எங்கேயோ பார்த்துவிட்டு, துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். எழுதும்போது ஒரு 4 விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரு 7 கூடியிருக்கும். சந்தேகங்கள் மட்டும் மாறாமல் அதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் வருபவை எளிது, போகப்போகக் கொஞ்சம் கெட்டி.

சார், முதலில் இதை எப்படி வாசிப்பது?

பின்னாலிருந்து ஏழு ஏழு இலக்கமாக வெட்டுங்கள்: 184467 | 4407370 | 9551615. ஏழு இலக்கம் தாண்டினால் கோடி, இன்னும் ஏழு தாண்டினால் கோடி கோடி. ஆகவே, ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு வாங்கும். மொத்தம் 20 இலக்கம்.

இதில் அப்படி என்ன விசேஷம்? எத்தனையோ இருபது இலக்க எண் இருக்கிறதே?

இது 2⁶⁴ − 1. இரண்டை அறுபத்து நான்கு முறை பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருவது. நாம் எழுதும் பத்தடிமானத்தில் பார்த்தால் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி இருக்கும். 0, 1 மட்டுமே உள்ள இரும முறையில் எழுதினால் வெறும் 1, வரிசையாக 64 முறை. வேறெதுவும் இல்லை.

நம் முறையில் 9999 எப்படியோ, இருமத்தில் இது அப்படி. நான்கு இடத்தில் எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் 9999; 64 இடத்தில் இருமமாக எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் இது. இன்றைய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுகளில் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம்) எண்ணை வைப்பதால்தான் இது அடிக்கடி திரையில் தலைகாட்டுகிறது.

சதுரங்கப் பலகைக் கதையில் வரும் எண் 2⁶⁴ தானே? ஒன்று எங்கே குறைந்தது?

கதை தெரிந்ததுதான். முதல் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு என்று 64 கட்டமும் இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய நூலிலேயே இந்தக் கதை இருக்கிறது. முதல் கட்டத்தில் 2⁰, அதாவது 1. ஆகவே கடைசிக் கட்டத்தில் 2⁶³. எல்லாவற்றையும் கூட்டினால் 2⁶⁴ − 1.

ஏன் என்று கைக்கு எட்டும்படி பார்க்கலாம். வெளியிலிருந்து ஒரே ஒரு மணியைக் கடன் வாங்கி முதல் கட்டத்தில் போடுங்கள். அங்கே இப்போது 2. அதை அப்படியே தள்ளி இரண்டாம் கட்டத்து 2-உடன் சேர்த்தால் 4. அதை மூன்றாம் கட்டத்து 4-உடன் சேர்த்தால் 8. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் சரியாக 2⁶⁴. கடன் வாங்கிய மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நம் எண். குறையும் அந்த ஒன்று இதுதான்.

எடை கேட்பவர்களுக்கு: ஒரு கோதுமை மணி 50 மில்லிகிராம் என்று வைத்தால் 92,000 கோடி டன் வரும். உலகம் முழுக்க ஓர் ஆண்டில் விளையும் கோதுமை சுமார் 80 கோடி டன். ஆயிரம் ஆண்டு விளைச்சலும் போதாது.

கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 64 தடவை பெருக்க வேண்டியதில்லை, ஆறு தடவை வர்க்கம் எடுத்தால் போதும்: 2, 4, 16, 256, 65536, 4294967296, கடைசியாக 18446744073709551616. முதல் நான்கும் மனக்கணக்கு. ஐந்தாவதற்குத் தாள் வேண்டும். ஆறாவதற்குப் பொறுமை வேண்டும். பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் பெருக்குகிறோம். நான் உட்கார்ந்து செய்தபோது முதல் தடவை தப்பு வந்தது.

தப்பைப் பிடித்தது ஒன்பதின் மீதி. 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறுக்கு ஒருமுறை சுற்றும். 64-ஐ ஆறால் வகுத்தால் மீதி 4, ஆகவே நான்காவதாக நிற்கும் 7 வரவேண்டும். 2⁶⁴-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 88, அப்புறம் 16, அப்புறம் 7. சரி. என் தாளில் 7 வரவில்லை, கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

5-இல் முடிகிறது, அதனால் 5-ஆல் வகுபடும். வேறு எதனால் வகுபடும்?

இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, எனவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 4, 13-ஆல் வகுத்தால் 2. அடுத்து 17-க்கு வகுபடும். முழுப் பட்டியல் இது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள். எதுவும் இரண்டு முறை வரவில்லை. 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றும் மேலே வர்க்கம் எடுத்த வரிசையில் (2, 4, 16, 256, 65536) ஒன்றைக் கூட்டினால் வருவது. 641-உம் 6700417-உம் மட்டும் அந்தக் குடும்பத்துச் சாடையே இல்லாமல் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, வருகிறேன்.

இருபது இலக்க எண்ணை இவ்வளவு சுலபமாக எப்படிப் பிரித்தீர்கள்? ஏதாவது சாஃப்ட்வேரா?

இல்லை, எட்டாம் வகுப்பு முற்றொருமை ஒன்றுதான்: அ² − 1 = (அ − 1)(அ + 1). 9999 = 99 × 101 என்பது உங்களுக்குத் தெரியும். அதே வித்தைதான். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். எனவே 2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1).

இடதுபக்கம் உள்ள 2³² − 1 மறுபடி அதே வடிவம். அதையும் பிரி. அதில் வரும் 2¹⁶ − 1-ஐயும் பிரி. 64 என்பது பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகக்கூடிய எண்: 32, 16, 8, 4, 2, 1. கடைசியில் 2 − 1 = 1 வந்து நின்றுவிடும். மிஞ்சுவது ஆறு கூட்டல் துண்டுகள்: 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இந்த எண்ணைப் பற்றி நான் சொல்லப்போகும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து வருகிறது.

கடைசித் துண்டு 4294967297 பகா எண் என்று ஃபெர்மாவே சொல்லியிருக்கிறாராமே?

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா அப்படி நம்பினார், நிறுவவில்லை. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் அடுத்து வருபவையும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் கடிதத்தில் எழுதினார். ஐந்து முறை சரியாக வந்ததை வைத்து ஆறாவதும் வரும் என்று நினைத்தது அவ்வளவு பெரிய மனிதருக்கே நடந்தது. 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை 4294967297 = 641 × 6700417 என்று காட்டினார்.

அதற்குப் பிறகு இன்றுவரை இந்த வரிசையில் ஆறாவது பகா எண் ஒன்றுகூட அகப்படவில்லை. முடிவு தெரிந்த எல்லாமே பகு எண்கள்தான்.

641 வானத்திலிருந்து குதித்ததா? ஆய்லர் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாரா?

வகுத்துப் பார்த்தார், ஆனால் எதை வகுப்பது என்று முதலில் யோசித்தார். 2³² + 1-க்குக் காரணியாக ஒரு பகா எண் இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆகவேண்டும் என்று அவர் கண்டார். அந்த நிபந்தனைக்கு உட்படும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டியது. வெறுமனே 3, 5, 7 என்று ஆரம்பித்திருந்தால் நூற்றுக்கு மேற்பட்ட வகுத்தல்கள் ஆகியிருக்கும்.

வகுக்காமலேயே காட்டவும் ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த நிறுவல்களில் ஒன்று. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, அப்புறம் 5⁴ + 2⁴. (640 + 1, 625 + 16. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) முதலாவது சொல்வது: 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது வகுபட ஒன்று குறைகிறது. அதை நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி +1. இரண்டாவது சொல்வது: 5⁴-க்கு மீதி −2⁴. 5⁴ இருந்த இடத்தில் அதைப் போட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²-க்கு மீதி 1. ஆகவே 2³²-க்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்ஜியம். முடிந்தது. பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை.

மொத்தம் எத்தனை காரணிகள்? இது நிறைவெண்ணா?

ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான். ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆக 2⁷ = 128 காரணிகள். ஜோடி சேர்த்தால் 64 ஜோடி. ஒற்றைப்படை எண்ணில் ஒவ்வொரு ஜோடியும் அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத ஒரு வழி தரும். ஆகவே 2⁶⁴ − 1-ஐ அப்படி எழுத மிகச்சரியாக 64 வழிகள். இது வெறும் பொருத்தம்தான் என்றாலும் வகுப்பில் சொன்னால் ஒரு சலசலப்பு எழும்.

நிறைவெண் என்றால், தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தானே ஆகவேண்டும்: 6 = 1 + 2 + 3 போல. இதற்கு அந்தக் கூட்டுத்தொகை எண்ணில் சுமார் 70 சதவீதம்தான். நிறைவெண் இல்லை.

வர்க்க எண்ணா, முக்கோண எண்ணா என்று எப்படிப் பார்ப்பது?

வர்க்க எண் இல்லை என்பது ஒரு பார்வையில் தெரியும்: 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடியும், இது 15-இல் முடிகிறது. வர்க்க எண்ணுக்கு ஒன்றே ஒன்று குறைவு, அவ்வளவுதான்.

முக்கோண எண் என்பது 1, 3, 6, 10, 15 என்று 1 + 2 + 3 + … கூட்டி வருவது. இங்கேதான் சுவாரசியம். ஓர் எண் முக்கோண எண்ணா என்று பார்க்க, அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் வர்க்க எண் வருகிறதா என்று பார்க்கவேண்டும். நம் எண்ணுக்கு அது 2⁶⁷ − 7. ‘2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது வர்க்க எண் வரும்?’ இந்தக் கேள்வியை 1913-இல் எழுப்பியவர் ராமானுஜன். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது வருகிறது என்று அவர் குறித்தார்; 2¹⁵ − 7 = 32761 = 181². இந்த ஐந்தைத் தவிர வேறு கிடையவே கிடையாது என்று நார்வேயின் நாகெல் 1948-இல் நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. எனவே நம் எண் முக்கோண எண் இல்லை. இந்த வடிவில் கடைசி முக்கோண எண் 4095-தான். அது 1 முதல் 90 வரை கூட்டினால் வருவது.

2-இன் அடுக்கில் ஒன்று குறைத்தால் மெர்சென் பகா எண் என்று படித்தேன். அப்படியானால் இதுவும் பகா எண்ணாக இருக்கவேண்டாமா?

அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் அந்த வாய்ப்பே உண்டு. அடுக்கு உடையும் என்றால் எண்ணும் உடையும், 64 உடைந்ததை மேலே பார்த்தோம். பக்கத்திலேயே 2⁶¹ − 1 பகா எண். அதற்காக அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்கவேண்டாம்: 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று 1903-இல் கோல் காட்டினார். 2024-இல் கண்டுபிடித்த பகா எண்ணும் இந்த வகைதான்: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது குழந்தை.

இரண்டைக் கூட்டினால் வரும் 18446744073709551617 ஃபெர்மா வரிசையில் அடுத்தது, சரியா? அதுவும் உடையுமா?

உடையும்: 274177 × 67280421310721. இங்கே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நம் எண் அந்த வரிசையின் முதல் ஆறு எண்களின் பெருக்கம். அதனுடன் 2 கூட்டினால் ஏழாவது எண். ஏழாவதும் முந்தைய ஆறில் ஏதாவதொன்றும் பொதுவாக ஒரு பகாக் காரணி வைத்திருந்தால் அது 2-ஐயும் வகுக்கவேண்டும். எல்லாம் ஒற்றைப்படை, அது நடக்காது. ஆகவே இந்த வரிசையில் ஒவ்வோர் எண்ணும் புதுப் பகா எண்ணைக் கொண்டுவரும். வரிசைக்கு முடிவில்லை, பகா எண்களுக்கும் முடிவில்லை. 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் வாதம் இது.

64 பிட்டில் அடங்கும் ஆகப்பெரிய பகா எண் வேண்டுமென்றால் 18446744073709551557. நம்முடையதைவிட 58 குறைவு.

இத்தனை பக்கம் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் வைத்து வரையலாமா?

கொள்கையளவில்கூட முடியாது. 17 பக்கப் பலகோணம் முடியும் என்று 1796-இல் காஸ் கண்டபோது அவருக்கு வயது 18. பிறகு வந்த விதி: பக்க எண்ணிக்கையின் ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் எல்லாம் ஃபெர்மா பகா எண்களாக (3, 5, 17, 257, 65537 போல), ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வரவேண்டும். நம் எண்ணை 641 கெடுத்துவிடுகிறது.

ஆனால் பாதித் துண்டான 2³² − 1 = 4294967295 பக்கத்துக்கு முடியும், ஏனென்றால் அது தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கம். ஒற்றைப்படைப் பக்கங்களுடன் வரையத்தக்கதாக இன்று தெரிந்தவற்றில் அதுதான் பெரியது. யாரும் வரையப்போவதில்லை. 65537 பக்கத்துக்கே ஹெர்மெஸ் என்பவர் பத்து ஆண்டு உழைத்து எழுதிவைத்த தாள்கள் கோட்டிங்கனில் ஒரு பெட்டியில் இருக்கின்றன.

என் புரோகிராமில் −1 வரவேண்டிய இடத்தில் இந்த எண் வருகிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. வண்டியின் கிலோமீட்டர் காட்டி 000000-இல் இருக்கும்போது ஒன்று பின்னால் திருப்பினால் 999999 என்று காட்டும் இல்லையா, அதுதான் இது. குறியில்லாத, அதாவது கழித்தல் குறிக்கு இடமே வைக்காத, 64 பிட் எண்ணில் 0-இலிருந்து 1-ஐக் கழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். அந்த 64 ஒன்றுகளைக் குறியுள்ள எண்ணாக வாசித்தால் −1, குறியில்லாமல் வாசித்தால் 18446744073709551615. பிட்டுகள் ஒன்றுதான், வாசிப்புதான் வேறு.

நடைமுறையில் பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றே: காலியான பட்டியலின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்திருப்பீர்கள். முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

எக்செல்லில் தட்டினால் 18446744073709500000 என்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் 18446744073709552000. யாரை நம்புவது?

இருவரையும் நம்பவேண்டாம். எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திவிட்டு மீதியைப் பூஜ்ஜியமாக்கும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 53 பிட் துல்லியம் கொண்டது. இந்த உயரத்தில் அதனால் 2048-க்கு ஒரு படிதான் வைக்கமுடியும். நம் எண் இரண்டு படிக்கு நடுவில் விழுகிறது, பக்கத்துப் படியான 2⁶⁴-க்கு நகர்த்திவிட்டு, அதையும் சுருக்கிக் காட்டும். பைத்தானில் 2-இன் 64-ஆம் அடுக்கு கழித்தல் 1 என்று கொடுங்கள், இலக்கம் பிசகாமல் வரும்.

ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிக்க எவ்வளவு காலம்?

நொடிக்கு ஒன்று வீதம் 58,400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, அதைப்போல் 42 மடங்கு. 1883-இல் லூக்கா என்ற கணிதர் உருவாக்கிய ஹனோய் கோபுர விளையாட்டில் (மூன்று கம்பங்களுக்கிடையே தட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றுவது, சிறிய தட்டின் மேல் பெரியதை வைக்கக்கூடாது) 64 தட்டுகளை நகர்த்தி முடிக்கத் தேவையான நகர்வுகளும் மிகச்சரியாக இதே எண்தான். நொடிக்கு 100 கோடி எண்ணும் கணினிக்கு 584 ஆண்டு.

இரண்டை மட்டுமே பெருக்கி வந்த எண்ணில் 2 என்ற இலக்கமே இல்லையே, அதற்கு என்ன காரணம்?

இதைக் கேட்டது ஒரு பள்ளி மாணவி. அதற்கு முன் எத்தனையோ முறை இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், கவனித்ததில்லை. மற்ற ஒன்பது இலக்கமும் இருக்கின்றன, 2 மட்டும் இல்லை.

காரணம் எதுவும் இல்லை. பத்தடிமான இலக்கங்கள் 2-இன் அடுக்குகளில் ஏதோ குலுக்கிப் போட்டதுபோலத்தான் விழும். இருபது இடத்தில் ஒரு குறிப்பிட்ட இலக்கம் வராமலே போக எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அப்படி நடந்துவிட்டது. ஆனால் இதே மாதிரி எளிய கேள்விகள் சில விடையில்லாமல் கிடக்கின்றன. 2⁸⁶ = 77371252455336267181195264, இதில் பூஜ்ஜியம் இல்லை. அதற்கு மேல் பூஜ்ஜியமே இல்லாத 2-இன் அடுக்கு எதுவும் தேடியவரை அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று இன்னும் யாரும் நிறுவவும் இல்லை.